2147483647: ஒரு பெரிய பகா எண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பார்ப்பது எப்படி?

ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண் பகா எண். பள்ளிக்கூடத்தில் இந்த ஒரு வரியோடு பாடம் முடிந்துவிடுகிறது. 2, 3, 5, 7 என்று நூறு வரைக்கும் வட்டம் போட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறோம். பத்து இலக்கப் பகா எண் ஒன்றைக் கையில் கொடுத்து இதைப் பற்றி என்ன சொல்ல முடியும் என்று கேட்டால், "பெரிய நம்பர், வகுபடாது" என்பதற்கு மேல் பதில் வராது. காரைக்குடியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது அடிக்கடி நான் பார்ப்பது இது. அவர்களுக்காக எழுதிவைத்த குறிப்புகளைத்தான் இங்கே விரித்துத் தருகிறேன்.

நாம் எடுத்துக்கொள்ளப்போவது 2147483647. கோடி, லட்சமாகப் பிரித்தால் 2,14,74,83,647. அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. கையால் ஆராய்கிற அளவுக்குச் சிறியது. குருட்டுத்தனமாக வகுத்துப் பார்த்தால் நாள்கணக்கில் இழுக்கிற அளவுக்குப் பெரியது. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய பகா எண்ணை உடைக்க முடியாது என்பதால் அதற்குள் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியது அதன் இரண்டு பக்கத்து எண்களை. முந்தின எண்ணையும் அடுத்த எண்ணையும் காரணிகளாகப் பிரித்துவிட்டால், நடுவில் இருப்பவரின் குணம் கிட்டத்தட்ட முழுதாகத் தெரிந்துவிடும். கீழே வரும் எல்லாப் படிகளும் இதைத்தான் பின்தொடரும்.

தேவையானவை: ஒரு நோட்டு, பேனா, பன்னிரண்டு இலக்கம் காட்டும் கால்குலேட்டர், பத்தாம் வகுப்பில் படித்த மட்டு எண்கணிதம். மீதியை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டவும் பெருக்கவும் தெரிந்தால் போதும்.

படி 1: எண் எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள்

2¹⁰ = 1024. அதை வர்க்கப்படுத்தினால் 2²⁰ = 1048576. இரண்டையும் பெருக்கினால் 2³⁰ = 1073741824. இன்னொரு இரண்டால் பெருக்கினால் 2³¹ = 2147483648. அதில் ஒன்றைக் கழித்தால் நம் எண். ஆக, 2147483647 = 2³¹ − 1.

எழுதியது சரிதானா என்று ஒன்பது விட்டுப் பாருங்கள், அதாவது ஒன்பதால் வகுத்தால் வரும் மீதியை இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். பழைய கணக்கர்கள் பெருக்கலைச் சரிபார்க்கும் அதே முறைதான். இலக்கங்களைக் கூட்டினால் 46, மறுபடி கூட்டினால் 10, அப்புறம் 1. மறுபக்கம், 2⁶ = 64-ஐ ஒன்பதால் வகுத்தால் மீதி 1. எனவே 2³⁰-க்கும் மீதி 1, 2³¹-க்கு மீதி 2, அதில் ஒன்று போனால் 1. இரண்டும் ஒத்துப்போகிறது.

இரும முறையில் எழுதினால் இந்த எண் வரிசையாக 31 ஒன்றுகள். இப்படி இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்து வரும் பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்பார்கள். மெர்சென் பிரான்ஸ் நாட்டுத் துறவி. 1644-இல் இத்தகைய எண்களுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் அடுக்குகளாக 67-ஐயும் 257-ஐயும் தவறாகச் சேர்த்தார். 61, 89, 107 ஆகியவற்றை விட்டுவிட்டார். ஆனால் 31 அதில் சரியாகவே இருந்தது.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால்தான் இந்த வடிவம் பகா எண்ணைத் தரும். 15 = 3 × 5 என்பதால் 2¹⁵ − 1 = 32767, 7-ஆலும் 31-ஆலும் வகுபட்டுவிடும். ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. 11 பகா எண்தான்; 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

படி 2: எதுவரைக்கும் வகுத்துப் பார்க்க வேண்டும்?

செட்டிநாட்டு வீட்டின் வளவில் ஆத்தங்குடிக் கல் பதிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 91 கல் இருந்தால் 7 வரிசை, வரிசைக்கு 13 என்று நீள்சதுரமாகப் பதிக்கலாம். 97 கல் இருந்தால் ஒரே நீள வரிசைதான், வேறு வழியே இல்லை. நீள்சதுரத்தில் ஒரு பக்கம் நீளமானால் மறுபக்கம் குறுகும். குறுகிய பக்கம் மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைத் தாண்டவே முடியாது.

நம் எண்ணுக்கு 46340² = 2147395600; 46341² = 2147488281. எனவே 46340 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அவையே 4,800-க்குச் சற்றுக் குறைவாக இருக்கின்றன. இத்தாலியின் கட்டால்டி 1588 வாக்கில் 2¹⁹ − 1 = 524287 பகா எண் என்று இப்படி வகுத்து வகுத்தே நிறுவினார்; 724-க்குக் கீழே இருக்கும் 128 பகா எண்களையும் முயன்று பார்க்க வேண்டியிருந்தது. அந்த வழியில் 2³¹ − 1-ஐத் தொட நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

படி 3: ஆய்லரின் சல்லடை

1772-இல் சுவிட்சர்லாந்தின் கணித மேதை ஆய்லர் இந்த எண்ணைப் பகா எண் என்று நிறுவினார். அப்போது அவருக்குக் கண்பார்வை அநேகமாகப் போயிருந்தது. கட்டால்டியைப் போலவே அவரும் வகுத்துத்தான் பார்த்தார், ஆனால் எதால் வகுக்கலாம் என்பதை முதலில் சலித்துக்கொண்டார். அந்தச் சலிப்பை நாமும் செய்வோம்.

'வ' என்ற பகா எண் நம் எண்ணை வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³¹-ஐ வ-ஆல் வகுத்தால் மீதி 1. இப்போது 2, 4, 8, 16 என்று அடுக்குகளை எழுதி ஒவ்வொன்றையும் வ-ஆல் வகுத்து மீதியை எழுதிக்கொண்டே போங்கள். 31-ஆவது இடத்தில் 1 வருகிறது. அதற்கு முன்னாலேயே எங்காவது 1 வந்திருக்குமா? வந்திருந்தால் அந்த இடத்தின் எண் 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண். எனவே முதன்முதலாக 1 வருவது சரியாக 31-ஆவது இடத்தில்.

ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி (வ − 1)-ஆவது இடத்திலும் 1 வந்தாக வேண்டும். ஆகவே வ − 1 என்பது 31-இன் மடங்கு. அது இரட்டை எண்ணும்கூட. எனவே 62-இன் மடங்கு. வகுக்கும் எண்ணைத் தேடப்போன இடத்திலேயே அதன் முந்தின எண் குறுக்கே வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. 2³¹-இன் மீதி 1 என்றால் 2³²-இன் மீதி 2. 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது வ-ஐப் பொறுத்தவரை 2 ஒரு வர்க்க எண். அப்படி அமைய வேண்டுமானால் வ-ஐ 8-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 வர வேண்டும் என்பது எண்ணியலில் நன்கு தெரிந்த முடிவு.

இரண்டையும் சேர்த்தால், வ-ஐ 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வரலாம். 46340-க்குள் அப்படிப்பட்ட எண்கள், 63-ஐத் தள்ளிவிட்டால், 372 மட்டுமே. அவற்றிலும் பகு எண்கள் நிறைய. 2543 வரைக்கும் எழுதிப் பாருங்கள்: 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303, 1489, 1551, 1737, 1799, 1985, 2047, 2233, 2295, 2481, 2543. இருபதில் பகா எண்கள் நான்கே நான்கு: 311, 1303, 1489, 2543. மற்றவை 3, 5, 7, 13, 17, 23 போன்ற சின்ன எண்களிலேயே உடைந்துவிடும்.

இனி வகுக்கலாம்:

311-ஆல் வகுத்தால் ஈவு 6905092, மீதி 35.
1303-ஆல் வகுத்தால் ஈவு 1648107, மீதி 226.
1489-ஆல் வகுத்தால் ஈவு 1442232, மீதி 199.

இப்படியே 46340 வரை போனால் மொத்தம் 80-ஐ ஒட்டிய எண்ணிக்கையில் வகுத்தல்கள் இருக்கும். எங்கும் மீதி பூஜ்யம் ஆகாது. நாலாயிரத்துச் சொச்சம் எங்கே, எண்பது எங்கே! கணக்கில் ஆர்வமுள்ள இரண்டு பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு விடுமுறை நாளில் முடித்துவிடலாம். முடித்துப் பார்க்கச் சொல்லித்தான் நான் கேட்டுக்கொள்வேன். ஒரு தேற்றம் எத்தனை உழைப்பை மிச்சப்படுத்துகிறது என்பது கையால் வகுக்கும்போதுதான் உறைக்கும்.

படி 4: அடுத்த எண்ணை விசாரியுங்கள்

நம் எண்ணுக்கு அடுத்தது 2147483648 = 2³¹. இரண்டைத் தவிர வேறு காரணியே கிடையாது. இதைவிட எளிமையான பக்கத்து எண் அமைய முடியாது. இதைப் பயன்படுத்திக்கொண்டு பிரான்சின் லூக்கா 19-ஆம் நூற்றாண்டில் ஒரு சோதனையைக் கண்டுபிடித்தார். அமெரிக்காவின் லேமர் 1930-இல் அதைச் செப்பனிட்டார்.

விதி இவ்வளவுதான். 4-இல் ஆரம்பியுங்கள். ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, நம் எண்ணால் வகுத்து மீதியை எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்கில் இரண்டு குறைவாக, அதாவது 31 − 2 = 29 தடவை செய்த பிறகு பூஜ்யம் வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். நடுவில் சந்தேகத்துக்கே இடமில்லை.

முதலில் சின்ன எண்ணில் கையைப் பழக்குவோம். 2⁷ − 1 = 127-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து தடவை செய்ய வேண்டும். 127-ஆல் வகுப்பதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது: 128-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டிவிடுங்கள்.

4² − 2 = 14.
14² − 2 = 194. இது 1 × 128 + 66. எனவே 1 + 66 = 67.
67² − 2 = 4487. இது 35 × 128 + 7. எனவே 42.
42² − 2 = 1762. இது 13 × 128 + 98. எனவே 111.
111² − 2 = 12319. இது 96 × 128 + 31. எனவே 127, அதாவது பூஜ்யம்.

127 பகா எண். வகுத்துப் பார்க்காமலேயே!

2047-க்கு இதையே செய்தால் 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736 என்று போய் நிற்கும். பூஜ்யம் வரவில்லை. எனவே பகு எண். 23 × 89 என்ற காரணிகளை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது, பகு எண் என்று மட்டும்தான் சொல்லும்.

இப்போது நம் எண். முதல் சில படிகள்: 4, 14, 194, 37634, 1416317954, 669670838. இதற்குமேல் வர்க்கங்கள் பதினெட்டு பத்தொன்பது இலக்கம் போகும். சாதாரணக் கால்குலேட்டர் தாங்காது, கம்ப்யூட்டரில் நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியை மட்டும் பக்கத்தில் இருந்து பார்ப்போம். 27-ஆவது படியில் 1181536708 வருகிறது. 28-ஆவது படியில் 65536. இது தற்செயலான எண் அல்ல, 2¹⁶. அதை வர்க்கப்படுத்தினால் 2³². 2³¹-க்கு மீதி 1 என்பதால் 2³²-க்கு மீதி 2. இரண்டைக் கழித்தால் பூஜ்யம். 29-ஆவது படியில் கணக்கு முடிந்துவிட்டது.

கானாடுகாத்தானில் இருந்து வரும் மாணவி ஒருத்தி இந்த இடத்தில் கேட்டாள்: "ஏன் சார் நாலுல ஆரம்பிக்கணும்? மூணுல ஆரம்பிச்சா ஆகாதா?" நல்ல கேள்வி. 127-க்கு மூன்றில் ஆரம்பித்துப் பாருங்கள்: 3, 7, 47, 48, 16, பூஜ்யம். அதுவும் வேலை செய்கிறது! 7, 31, 127 போல நான்கால் வகுத்தால் மூன்று மீதி வரும் அடுக்குகளுக்கு மூன்றும் போதும். 13, 17 போன்ற அடுக்குகளுக்கு அது ஆகாது. நான்கு எல்லா ஒற்றைப் பகா அடுக்குக்கும் பொருந்தும்.

நான்கின் ரகசியம் என்ன? 2 + √3, 2 − √3 என்ற இரண்டைக் கூட்டினால் 4, பெருக்கினால் 1. பெருக்கினால் ஒன்று என்பதால், வர்க்கப்படுத்தி இரண்டைக் கழிக்கிற ஒவ்வொரு முறையும் நாம் உண்மையில் செய்வது இந்த இரண்டு எண்களின் அடுக்கை இரட்டிப்பாக்கிக் கூட்டுவதுதான். 29-ஆவது படியில் பூஜ்யம் வந்தால், 2 + √3-இன் அடுக்குகள் முதன்முதலாக 1-க்குத் திரும்புவது சரியாக 2³¹-ஆவது இடத்தில் என்று ஆகிவிடும்.

இனி ஒரு பேச்சுக்கு, நம் எண்ணுக்கு 46340-க்கு உட்பட்ட பகாக் காரணி வ இருக்கிறது என்போம். வ-ஐ வைத்து மீதி எடுத்தால், 'ஒரு எண் + ஒரு எண் × √3' என்ற வடிவில் பூஜ்யம் தவிர வ² − 1 உருப்படிகளுக்கு மேல் கிடையாது. 2 + √3-இன் அடுக்குகளோ திரும்பி வருவதற்குள் 2³¹ வெவ்வேறு உருப்படிகளைத் தொட வேண்டும். வ² − 1 அதைவிடச் சிறியது. இடமே போதாது. எனவே அப்படிக் காரணி இருக்க முடியாது. முழு நிரூபணமும் அடுத்த எண் 2³¹ என்பதில்தான் நிற்கிறது.

லூக்கா 1876-இல் இந்தத் தடத்தில் போய்த்தான் 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்று நிறுவினார். 1951 வரை, 75 ஆண்டுகள், அதைவிடப் பெரிய பகா எண் யாருக்கும் தெரியாது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 52-ஆவது மெர்சென் பகா எண்ணின் அடுக்கு 136279841, இலக்கங்கள் 4,10,24,320. 1996-இல் ஆரம்பித்த கிம்ப்ஸ் என்ற கூட்டுத் தேடலில் லூக் டியூரன்ட் கண்டுபிடித்தது அது. அதைக் கடைசியில் உறுதி செய்ததும் நாம் 127-க்குச் செய்த இதே சோதனைதான்.

படி 5: முந்தின எண்ணை உடையுங்கள்

முந்தின எண் 2147483646. பார்க்கப் பயமாக இருந்தாலும் உடைப்பது சுலபம். 2³¹ − 2 = 2 × (2³⁰ − 1). அடைப்புக்குள் இருப்பது (2¹⁵ − 1) × (2¹⁵ + 1), அதாவது 32767 × 32769. முதலாவது 7 × 31 × 151. இரண்டாவது 3 × 3 × 11 × 331. ஆக:

2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331

இந்த ஒரு வரியை நோட்டில் கட்டம் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். நம் எண்ணை வைத்து மீதி எடுத்தால் எந்த எண்ணின் அடுக்குகளும் எத்தனை படியில் 1-க்குத் திரும்பும் என்பதை இந்த வரி கட்டுப்படுத்துகிறது. திரும்பும் நீளம் எப்போதும் 2147483646-இன் காரணியாகத்தான் இருக்கும். இரண்டை எடுத்தால் 31 படியிலேயே திரும்பிவிடுகிறது. காரணிகளில் 31 இருப்பதைப் பாருங்கள்.

அப்படியானால் எல்லா மீதிகளையும், ஒன்று விடாமல் 2147483646 மீதிகளையும் தொட்டுவிட்டுத் திரும்பும் எண் உண்டா? உண்டு. 2, 3, 4, 5, 6 எல்லாம் தோற்றுப்போய், முதலில் வெற்றி பெறுவது 7. இதைச் சரிபார்க்க 214 கோடி படி நடக்க வேண்டியதில்லை. 2147483646-ஐ 2, 3, 7, 11, 31, 151, 331 ஆகிய ஏழாலும் தனித்தனியே வகுத்து, கிடைக்கும் ஈவை 7-க்கு அடுக்காகப் போட்டு மீதி பாருங்கள். ஏழு சோதனையிலும் மீதி 1 வரக்கூடாது. முழு அடுக்குக்கு மட்டும் 1 வர வேண்டும். அவ்வளவுதான்.

இதிலேயே இன்னொரு நிரூபணமும் கிடைத்துவிடுகிறது. இப்படி எல்லா மீதிகளையும் தொடும் எண் ஒன்று இருந்தாலே, நடுவில் இருப்பது பகா எண் என்று லூக்கா காட்டியிருக்கிறார். அடுத்த எண் ஒரு சாட்சி சொன்னது, முந்தின எண் தனியாக இன்னொரு சாட்சி சொல்கிறது.

நடைமுறையிலும் இதற்குப் பெரிய பயன் உண்டு. கம்ப்யூட்டரில் தற்செயல் போலத் தோன்றும் எண்களை உண்டாக்க, ஏழின் ஐந்தாம் அடுக்கான 16807-ஐ எடுத்துக்கொண்டார்கள். 5 என்பது மேலே கட்டம் கட்டிய காரணிகளில் இல்லை; அதனால் 16807-உம் எல்லா மீதிகளையும் தொடும். ஒன்றில் ஆரம்பித்து 16807-ஆல் பெருக்கி மீதி எடுத்துக்கொண்டே போனால் 16807, 282475249, 1622650073 என்று எண்கள் தாறுமாறாகத் துள்ளும். 1969-இல் ஐபிஎம் கணினிகளுக்காக முன்வைக்கப்பட்டது. 1988-இல் பார்க், மில்லர் இருவரும் இதையே குறைந்தபட்சத் தரமாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். சி பிளஸ் பிளஸ் மொழியில் இன்றும் இருக்கிறது. நீங்களே எழுதிப் பார்த்தால், ஒன்றில் ஆரம்பித்து 10,000-ஆவதாக வர வேண்டிய எண் 1043618065. வேறு ஏதாவது வந்தால் எங்கோ பிசகு. ரகசியக் குறியீட்டுக்கு மட்டும் இதைத் தொடாதீர்கள்: ஒரு எண்ணைப் பார்த்தவுடன் அடுத்த எண்ணைச் சொல்லிவிடலாம்.

படி 6: மிச்சமுள்ள குணங்கள்

நான்கால் வகுத்தால் மீதி 3. எந்த முழு எண்ணின் வர்க்கத்தையும் நான்கால் வகுத்தால் மீதி 0 அல்லது 1. இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் மீதி 3 வரவே வராது. எனவே நம் எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது. ஒரே வரியில் முடிகிற நிரூபணம், ஆனால் 214 கோடிக்கு மேற்பட்ட எண்ணைப் பற்றிய உறுதியான தகவல்.

மீதிக் கணக்கில் வர்க்கமூலம் எடுப்பது இந்த எண்ணுக்கு ரொம்பச் சுலபம். வர்க்கமூலம் உள்ள எந்த எண்ணையும் 29 தடவை தொடர்ந்து வர்க்கப்படுத்தினால் அதன் வர்க்கமூலம் கிடைத்துவிடும்! அடுத்த எண்ணை நான்கால் வகுத்தால் 2²⁹ என்பதே காரணம். இரண்டுக்குச் செய்தால் வருவது, படி 4-இல் பார்த்த அதே 65536.

2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128. தன்னைத் தவிர்த்த தன் காரணிகளையெல்லாம் கூட்டினால் தானே வரும் எண் இது. 6, 28, 496 என்று தொடங்கும் இந்த நிறைவெண் வரிசையில் எட்டாவது. இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று பீட்டர் பார்லோ 1811-இல் எழுதினார். காலம் அவரைப் பொய்யாக்கிவிட்டது.

பகா எண் வரிசையில் நம் எண்ணின் இடம் 10,50,97,565. இந்த உயரத்தில் சராசரியாக 21 எண்ணுக்கு ஒரு பகா எண் வரும். இதற்கு முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. இரட்டைப் பகா எண் ஜோடி இதற்கு இல்லை: இரண்டு குறைந்தால் 5-இல் முடிகிறது, இரண்டு கூடினால் 3-ஆல் வகுபடுகிறது.

2-இன் அடுக்கில் நம் எண்ணையே வைத்து ஒன்றைக் கழித்தால்? 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் வரும். அது பகா எண்ணாக இருந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் 295257526626031 அதை வகுக்கிறது, 1983-இல் கண்டுபிடித்தார்கள். படி 3-இல் சொன்ன விதிப்படி இந்தக் காரணியின் முந்தின எண் 2 × 2147483647-இன் மடங்காக இருக்க வேண்டும். வகுத்துப் பாருங்கள்: சரியாக 68745 மடங்கு.

பழைய கணினிகளில் 32 இருமங்களில் ஒன்றைக் கூட்டல், கழித்தல் குறிக்கு ஒதுக்கிவிட்டால் வைக்கக்கூடிய மிகப்பெரிய முழு எண்ணும் இதுதான். 1970 தொடக்கத்தில் இருந்து விநாடிகளை இப்படி எண்ணும் கணினிகளுக்கு 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07-க்கு எண் தீர்ந்துவிடும்.

பக்கத்து எண்கள் என்று பேசும்போது எஸ்.எஸ். பிள்ளையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த எண்ணியலாளர் அவர். அடுத்தடுத்த எண்களை 16 வரை எப்படி எடுத்தாலும், மற்ற எதனோடும் பொதுக் காரணி இல்லாத ஓர் எண் அதில் நிச்சயம் இருக்கும் என்று 1940-இல் நிறுவினார். 17 எண்களுக்கு அந்த உறுதி கிடையாது. 2184 முதல் 2200 வரை எடுத்துப் பாருங்கள், அப்படி ஓர் எண் அகப்படாது. ராமானுஜன் பெயரில் சென்னையில் 1950-இல் கணித ஆய்வு நிறுவனம் தொடங்கியவரும் கோட்டையூர் அழகப்பச் செட்டியார்தான். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எண்ணியலை எட்டாத சரக்கு என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை.

பக்கத்து எண்கள் இரண்டுமே உடைக்கக் கடினமாக இருந்தால் என்ன செய்வது? அதற்கும் வழி வந்துவிட்டது. 2002-இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும், எந்த வடிவத்து எண்ணாக இருந்தாலும் பகா எண்ணா என்று நியாயமான நேரத்துக்குள் தீர்த்துச் சொல்லும் முறையைத் தந்தார்கள். ஆனால் நம் எண்ணைப் போல அமைப்புள்ள ஒன்று கையில் இருக்கும்போது லூக்காவின் வழிதான் வேகம்.

படி 7: நீங்களே செய்ய ஒரு கணக்கு

கட்டால்டியின் 524287-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இது 2¹⁹ − 1. படி 3-இன்படி, காரணி இருந்தால் அதை 152-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 39 வர வேண்டும். 724-க்குள் அப்படி வருபவை 39, 153, 191, 305, 343, 457, 495, 609, 647. இவற்றில் பகா எண்கள் மூன்றுதான்: 191, 457, 647. வகுத்தால் மீதி முறையே 183, 108, 217. கட்டால்டி 128 தடவை வகுத்த இடத்தில் உங்களுக்கு மூன்று போதும்.

பிறகு 4-இல் ஆரம்பித்து 17 தடவை வர்க்கப்படுத்துங்கள். இங்கே வர்க்கங்கள் பன்னிரண்டு இலக்கத்தைத் தாண்டாது, எனவே கால்குலேட்டரே போதும். நான்காவது படியில் 218767, பதினைந்தாவதில் 85226, பதினாறாவதில் 523263 வர வேண்டும். அந்த 523263 என்பது 524287-இல் 1024 குறைவு, அதாவது கழித்தல் 2¹⁰. எனவே அடுத்த படியில் பூஜ்யம் வந்தே தீரும். முந்தின எண் 524286 = 2 × 3³ × 7 × 19 × 73. இதை வைத்துக்கொண்டு, எல்லா மீதிகளையும் தொடும் மிகச் சிறிய எண் எது என்று 3-இல் இருந்து தேட ஆரம்பியுங்கள்.